ஆள் தெரியாத தேய்மானம்

சட்டம் போட்டவர்கள் நல்ல மனுஷர்கள்தாம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் கதை முடியும் வரைக்கும் எங்கேயோ ஒளிந்திருக்கிற ஒரு பாவியைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

அப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் முழங்கால் போனவர்களும் கண் மங்கியவர்களும் முதுகு வளைந்தவர்களும் வாசலுக்கு வெளியே வரை வரிசையில் நின்றார்கள். உழைப்பை வாங்கியவர் ஒருவர், வைத்தியம் பார்ப்பவர் இன்னொருவரா என்று சட்டசபையில் ஒருவர் கேட்டார். தையல் மெஷினுக்குக்கூட வருஷா வருஷம் தேய்மானக் கணக்கு உண்டு, அதை ஓட்டுகிற பெண்ணுக்குக் கிடையாதா என்று கேட்டார். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். தொழில் நடத்துபவர் ஒவ்வொருவரும் காலாண்டுக்கு ஒரு தடவை யாருக்கு எவ்வளவு கூலி, அதில் எவ்வளவு வரிப் பிடித்தம் என்று அரசுக்கு அறிக்கை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதிலேயே இன்னொரு கட்டம் சேர்ந்தது. உடல் தேய்மானம்.

ஆளுக்கொரு அளவி, கடிகாரம் போல் மணிக்கட்டில். நாடி, நரம்பு நடுக்கம், உடம்புச் சூடு எல்லாம் பார்த்து, இன்றைக்கு இந்த உடம்பு இவ்வளவு தேய்ந்தது என்று சொல்லும். எல்லாருக்கும் தொடக்கம் நூறு. தேய்ந்ததற்கு ஏற்ப முதலாளி பிடித்தம் கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் பிற்பாடு வைத்தியம். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? குறை எங்கே வந்தது என்றால், அட்டவணை எழுதிய அதிகாரிகள் அவசரத்தில் மெஷின் தேய்மான விதிகளை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதில் கடைசி வரி ஒன்று இருந்தது. மதிப்பு முழுதும் தேய்ந்த பொருளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

மனுஷியைக் கணக்கிலிருந்து நீக்கினால் அவள் பேரில் கூலி அறிக்கை ஏறாது. அறிக்கை ஏறாவிட்டால் வேலை கொடுக்க முடியாது. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘நிறைவு’. மாதா மாதம் ஒரு சின்னப் படி உண்டு. சாப்பிடலாம், தூங்கலாம். வேலை செய்யக்கூடாது. கூலி என்றால் காசு மட்டுமில்லை, சோறு, சேலை எதுவானாலும் கூலிதான் என்று பழைய வரிச் சட்டத்திலேயே இருந்ததால், நிறைவானவர்களை ஒரு கை ஒத்தாசைக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. கல்யாண வீட்டில் முறுக்குச் சுற்றிய ஒரு அம்மாளுக்கு வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்ததற்கு, பெண்ணைப் பெற்றவருக்கு நோட்டீஸ் வந்தது.

ஆகவே ஜனங்கள் ஒருவரையொருவர் “மிச்சம் எத்தனை?” என்று கேட்கத் தொடங்கினார்கள். வீட்டு வாடகைக்குக் கேட்டார்கள், கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் கேட்டார்கள். பத்து வருஷத்தில் அது சகஜமாகிவிட்டது. எதுதான் ஆகாமல் இருந்திருக்கிறது?

திருப்பூரில் ஒரு சின்னப் பனியன் கம்பெனியில் லோகநாயகிதான் பிடித்தம் பார்க்கும் அலுவலர். காலாண்டு அறிக்கையில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு அவளே பொறுப்பு, முதலாளி இல்லை. நாற்பது வயது, கண்ணாடி, கொஞ்சம் சிடுசிடுப்பு. உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் அவளுடைய மிச்சம் தொண்ணூற்றைத் தாண்டி நின்றது. தையல் பிரிவுப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

கார்த்திகை தீபம் கழிந்த வாரம், கோகிலவாணியின் பேருக்கு நிறைவு முன்னறிவிப்பு வந்தது. திரையில் அதை லோகநாயகி இரண்டு தடவை படித்தாள். கோகிலவாணி ஃபிளாட்லாக் தையல் மெஷினில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள். மிச்சம் மூன்றுதான் இருந்தது, நிஜம்தான். ஆனால் அந்த மூன்றை வைத்து அவள் இன்னும் முக்கால் வருஷம் ஓட்டியிருப்பாள். ஒரே காலாண்டில் எப்படிக் கரையும்?

தையல் பிரிவுக்கு இறங்கிப் போய்ச் சொன்னாள். கோகிலவாணி மெஷினை நிறுத்தினாள். துணியை மடித்து வைத்தாள்.

“எப்பத்திலிருந்து கண்ணு?”

“இந்த அறிக்கை போயிருச்சுன்னா அடுத்த மாசத்திலிருந்துங்க்கா.”

“எனக்கு உடம்புல ஒண்ணும் இல்லியே. போன வருஷத்துக்கு இந்த வருஷம் நல்லாத்தான் இருக்கறேன்.” கோகிலவாணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எங்க பக்கத்து ஊட்டுச் சரோஜா தெரியுமில்ல உனக்கு? நிறைவாயிட்டா. சும்மா உக்கார முடியலீன்னு மாரியாத்தா கோயில்ல வாசக் கூட்டுனா. பொங்கல் ஒரு கரண்டி குடுத்துருக்காங்க. அது கூலியாம். கோயில் கமிட்டிக்காரங்க ஊட்டுக்கே வந்து, அம்மிணி, இனிமே வந்துறாதீங்கன்னு கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போனாங்க. இப்ப மருமவ ஒரு டம்ளரு கழுவ உடறதில்ல. அவ சோத்துல உப்பு இல்லாட்டிக்கூட வாயத் தொறக்கறதில்ல. எனக்கு அது வேண்டாங் கண்ணு. வேற என்னமாச்சும் குடு.”

லோகநாயகி மாடிக்கு வந்து கோகிலவாணியின் நாள்வாரிப் பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு நாளும் ஒன்றரை ஷிப்ட் நின்றே வேலை செய்த உடம்பின் தேய்மானம் தெரிந்தது. கோகிலவாணி நிற்பவளே இல்லை. தேவையில்லாமல் ஒரு விரலை அசைக்க மாட்டாள். நூல் கோத்தால் ஒரே தடவை, துணி திருப்பினால் ஒரே திருப்பு. பேத்திக்குக் காது குத்துவதற்காக லீவு போட்டுக் காங்கேயம் போன நாளிலும் அந்தப் பதிவு ஒன்றரை ஷிப்ட் தேய்ந்திருந்தது. அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தும் சும்மா உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டது போல் பதிவு காட்டிய இன்னொரு ஆள் யார் என்று தேடினாள். செக்கிங் பிரிவு இனியா.

அளவி மாறியிருக்கிறது. எங்கே மாறும் என்று யோசித்தபோது அவளுக்கே சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. வருஷத்தில் ஒரே நாள்தான் அதைக் கழற்ற அனுமதி, ஆயுத பூஜைக்கு. சங்கத்துக்காரர்கள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அனுமதி அது. கத்திரி, எண்ணெய்க் குப்பி, மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற இடத்தில் இதுவும் ஆயுதம்தானே என்று எல்லாரும் அளவியைக் கழற்றிச் சாமி முன்னால் குவித்துவிடுவார்கள். ரகசியம் காக்க வேண்டும் என்று அரசாங்கம் அதில் பேர் எதுவும் போடவில்லை, முகம் ரேகை எதுவும் பதியவில்லை. உள்பக்கம் பொடி எண் ஒன்று உண்டு, அதன் மேல் சந்தனம் அப்பியிருக்கும். அதனால் அவரவர் ஓட்டுகிற நூலில் ஒரு துண்டு வெட்டி அடையாளத்துக்கு முடிந்துகொள்வது வழக்கம். மற்ற வருஷங்களில் கம்பெனிக்குள் பத்துப் பன்னிரண்டு நிறம் ஓடும். இந்த வருஷம் ஒரே பெரிய ஆர்டர். ஆறு மாதமாகக் கம்பெனி முழுக்கப் பாசிப்பச்சை. எல்லார் அளவியிலும் பாசிப்பச்சை நூல்.

இனியாவைக் கூப்பிட்டனுப்பினாள். இருபத்திரண்டு வயது. வெளிச்சப் பலகைக்கு முன்னால் நின்றபடியே துணியில் பிசிறும் ஓட்டையும் பார்க்கிற வேலை. வந்ததும் கதவைச் சாத்தினாள். அதிலேயே லோகநாயகிக்குப் பாதி விளங்கிவிட்டது.

“கையில இருக்கறது உன்னோடதா?”

“இல்லீங்க்கா.”

“எப்பத் தெரியும்?”

“பூசைக்கு மறுநாளே. வாரு ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருந்துச்சு.” இனியா அழவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. “யாருதுன்னு ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிட்டேன். சொல்லலாம்னுதான் இருந்தேன். மாப்ள ஊட்டுல எண்பதுக்குக் கீழ இருந்தா வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு எண்பத்தி ரெண்டுதான் இருந்துச்சுங்க்கா. மூணு மாசத்துக்கு மூணு போயிருது. இந்தக் காலாண்டு முடிஞ்சுதான் சர்ட்டிபிகேட்டு தருவாங்க.”

“அதுக்காக அந்த அம்மா தலையிலயா?”

“அவங்களுக்கு எப்படியும் முடியப் போவுதுன்னு நெனச்சிட்டேன்.”

சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். லோகநாயகிக்குக் கோபம் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. எல்லாரும் வயசானவர்கள்தாம் வேகமாகத் தேய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் நின்று நின்று, கோகிலவாணியைப் போல் மூன்று பங்கு தேய்ந்துகொண்டிருந்தாள். அதை யாரும் பார்க்கவில்லை, அறிக்கை எழுதுகிற தானும் பார்க்கவில்லை.

கோகிலவாணியையும் மேலே வரவழைத்து நடந்ததைச் சொன்னாள். அவள் இனியாவின் பக்கம் திரும்பினாள்.

“என்னைத் தின்னுட்டுத்தான் நீ தாலி கட்டிக்கோணுமா சாமி?” என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. பிறகு லோகநாயகியிடம், “திருத்திப் போடு கண்ணு. அவ அவளோடதத் தேஞ்சுக்கட்டும். எனக்குப் பாவ புண்ணியம் பாக்கறதுக்கு மூணுக்கு மேல இல்ல” என்றாள். நியாயமான பேச்சு. அதற்குமேல் நின்று பேச விரும்பாமல் கீழே போய்விட்டாள்.

திருத்தினால் இனியா எண்பதுக்குக் கீழே இறங்குவாள். திருத்தாவிட்டால் கோகிலவாணி போய்விடுவாள். லோகநாயகி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு விதி இருந்தது. எந்தத் தொழிலாளியின் கணக்கிலும் சேர்க்க முடியாத தேய்மானம், அறிக்கையில் கையெழுத்திட்டவர் கணக்கில் சேரும். கையெழுத்துப் போடுகிறவர்கள் அசட்டையாக இருக்கக் கூடாது என்று பயமுறுத்துவதற்காக எழுதிய விதி. அதுவரை ஒருத்தரும் அதைத் தொட்டதில்லை.

முதலாளி ஈஸ்வரமூர்த்தியிடம் போய்ச் சொன்னாள். அவர் மோசமான ஆள் இல்லை. அப்பா காலத்துக் கடனை அடைத்து, கம்பெனியை நிமிர்த்தியவர்.

“அப்ப ரெண்டு பேருத்தையும் ஆள் தெரியலைன்னு போடப் போறியாக்கும்?”

“ஆமாங்ண்ணா. ரெண்டு பேரும் பூசைக்கு முந்தின எண்ணுக்கே திரும்பிருவாங்க. என்னோடதுல நாலு குறையும். எனக்கு எங்க போவுது, உக்காந்த எடத்துல இருக்கறேன்.”

“பிடித்தம் எச்சாக் கட்டோணுமா?”

“இல்லீங். அதே தொகைதான். யார் பேருல ஏறுதுங்கறதுதான் மாறும்.”

ஈஸ்வரமூர்த்தி பேனாவை மேஜையில் இரண்டு தடவை தட்டினார். “உனக்கு அதுனால உடம்புக்கு ஏதாச்சும் வருமா?”

“எண்ணுதானுங்கண்ணா. உடம்புக்கு என்ன வரும்?”

“ஓ” என்றார். “அப்ப யாருதை வேணும்னாலும் அப்படிப் போடலாமாட்ட இருக்குது.”

“போடக்கூடாதுன்னு விதியில இல்லீங்” என்று லோகநாயகி சொன்னாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். தெரிந்த விஷயத்தைத் தெரியவில்லை என்று எழுதப் போகிறோமே என்ற உறுத்தலில் இருந்தாள். அவர் முகத்தைக் கவனிக்கவில்லை.

அறிக்கை போயிற்று. லோகநாயகியின் மிச்சம் நாலு குறைந்தது. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. டீ குடித்தாள், பஸ் பிடித்தாள், தூங்கினாள். தை மாதம் இனியாவுக்குக் கல்யாணம் நடந்தது. லோகநாயகி போய் மொய் எழுதிவிட்டு வந்தாள். இனியா காலில் விழப் பார்த்தாள், இவள் பிடித்து நிறுத்திவிட்டாள். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டோம் என்று அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த நாளில், நுழைவாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. பக்கத்தில் சாமி படம். உள்ளே வரும்போது கூடையிலிருந்து ஏதாவது ஓர் அளவியை எடுத்து மாட்டிக்கொள்ளலாம், போகும்போது போட்டுவிடலாம், எது யாருடையது என்று யாரும் பார்க்க வேண்டாம் என்று ஈஸ்வரமூர்த்தி சொன்னார். பூஜைக்குக் கழற்றலாம் என்பதுதானே அனுமதி, அவர் கணக்கில் தினம் தினம் ஆயுத பூஜை. அந்தக் காலாண்டில் கம்பெனி முழுவதின் தேய்மானமும் ஆள் தெரியாத தேய்மானம் ஆயிற்று.

லோகநாயகி அவர் அறைக்குப் போய்க் கத்தவில்லை. தன் எண்ணைக் காட்டினாள். முப்பது புள்ளி ஒரே வீச்சில் இறங்கியிருந்தது.

“வலிக்குதாம்மா உனக்கு?” என்று அவர் நிஜமான அக்கறையோடு கேட்டார்.

“இல்லீங்.”

“கீழ போய்ப் பாரு. அத்தன பேருக்கும் எண்ணு அப்படியே நிக்குது. ஒருத்தரும் இனி நிறைவாக மாட்டாங்க. சாவுற வரைக்கும் உழைச்சுத் தின்னலாம். நானா இதக் கண்டுபிடிச்சேன்? உன்ற மனசுதானே காட்டிக் குடுத்துச்சு.” சம்பளத்தை மூன்று மடங்காக்கினார். நிறைவுக்குப் பிறகு மொத்தமாக ஒரு தொகையும் எழுதித் தந்தார். “முடியலீன்னா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கறேன். வருத்தப்பட மாட்டேன்.”

கீழே போனாள். தையல் பிரிவில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி அவள் வாயில் லட்டைத் திணித்தாள். அறுபதைத் தொடுகிற ஓர் அயர்ன் மாஸ்டர், “நீங்க தெய்வமுங்க மேடம்” என்று கும்பிட்டார். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு, மறுத்தால் தன்னை என்ன சொல்வார்கள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. லட்டை மென்றாள்.

கோகிலவாணி ஒருத்திதான் கூடையில் கை வைக்கவில்லை. தன் அளவியின் வாரைக் கழற்ற முடியாதபடி மணிக்கட்டிலேயே சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள்.

“என்னோடது யாரு மேல போவுது கண்ணு?” என்று கேட்டாள்.

“என்ற மேலதானுங்க்கா. போச்சாது உடுங்க.”

“வேண்டாம். அந்தப் புள்ள இப்படிப் பண்ணுச்சுன்னு அன்னிக்குத் திட்டுனேன். இப்ப அதையே நான் பண்ணுனா நல்லா இருக்காது” என்றாள். அவளுடையது அவள் கணக்கிலேயே மெதுவாகக் குறைந்துகொண்டு போயிற்று.

ஒரு கம்பெனியில் நடப்பது அடுத்த கம்பெனிக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? மழைக்காலம் வருவதற்குள் ஊர் முழுக்கச் சுவரொட்டி. ‘கையெழுத்துக்கு ஆள் தேவை. மிச்சம் எண்பதுக்கு மேல். உட்கார்ந்து செய்யும் வேலை.’ அரசாங்கத்துக்கும் மறுப்பு இல்லை. பிடித்தப் பணம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, நிறைவானவர்களுக்குப் படி கொடுக்கிற செலவும் பாதியாகக் குறைந்தது. தேய்மான ஆணையம் வருடாந்தரக் குறிப்பில் தொழிலாளர் ஆரோக்கியம் முன்னேறியிருப்பதாக எழுதியது.

லோகநாயகி அதற்குள் விலகியிருக்கலாம். ஒவ்வொரு காலாண்டிலும் இது கடைசி என்றுதான் நினைத்தாள். புருஷன் அடுத்தவர் லாரி ஓட்டுவதை விட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கினார், வீடு கட்ட மனை பிடித்தார்கள். அப்புறம் ஐப்பசியில் ஒரு காலாண்டு வந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு மீதி ஒன்றும் இருக்காது. ஈஸ்வரமூர்த்தி அவளுக்குப் பதிலாக ஆள் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் ஆள் வந்தது. இனியா. கழுத்தில் தாலி புதுசு மங்காமல் இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டிருந்தாள், ஆகையால் எண்பத்தி இரண்டு எண்பத்தி இரண்டாகவே இருந்தது.

“நீயா?” என்றாள் லோகநாயகி.

“ஆமாங்க்கா.”

“ஊட்ல தெரியுமா?”

“எங்க அத்தைதானுங்க அனுப்புனாங்க. எண்பது சும்மாதான கெடக்குது, வேற யாருக்காவது உதவட்டும்னாங்க. அவருக்கு ரெண்டு நிட்டிங் மெஷின் போடோணுமாம்.” கொஞ்சம் தயங்கினாள். “நின்னுட்டே தேயறதுக்கு உக்காந்துட்டே தேயலாமில்லீங்க்கா.”

லோகநாயகிக்கு அந்த நாலு புள்ளி ஞாபகம் வந்தது. “ஒரு வருசத்துக்குள்ள நிறைவாயிருவ. இருபத்தி நாலு வயசுல. அப்புறம் யாரு பேச்சையும் மீறி ஒரு துரும்பை நகர்த்த முடியாது. புரியுதா உனக்கு?”

“தெரியுமுங்க்கா. நீங்களும் தெரிஞ்சுதான உக்காந்தீங்க.”

கீழே மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் கோகிலவாணியின் மெஷின் இல்லை. போன காலாண்டில் அவள் நிறைவாகி, வீட்டுக்குப் போய்விட்டாள்.

லோகநாயகி தன் கடைசி அறிக்கையைத் திறந்தாள். சரிபார்த்தாள், கையெழுத்திட்டாள். அது போய்ச் சேர்ந்ததாகத் திரை காட்டியது. அவள் பேருக்கு எதிரே ஒரு பச்சை விளக்கும் ‘நிறைவு’ என்ற வார்த்தையும் வந்தன. எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். இனியா உட்கார்ந்தாள். ஒன்றும் புரியாமல் திரையைப் பார்த்து விழித்தாள்.

“எங்கீங்க்கா அமுக்கோணும்?”

“இங்க பாரு கண்ணு, முதல்ல கூலிக் கட்டம், அப்புறம் வரிப் பிடித்தம், அதுக்குக் கீழ ஆள் தெரியாத…”

இனியா பதறி அவள் கையைப் பிடித்தாள். “வேண்டாங்க்கா. சொல்லிக் குடுக்காதீங்க. இப்ப அதுவும் வேலைதானுங்க. கம்பெனிக்கு நோட்டீஸ் வந்துரும்.”

லோகநாயகி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். வந்தவர்கள் உட்காருகிற பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் எங்கெங்கோ தடவிக்கொண்டிருந்தாள், இரண்டு தடவை தப்பான கட்டத்தைத் திறந்து மூடினாள். சரியான கட்டம் எங்கே இருக்கிறது என்று லோகநாயகிக்குத் தெரியும், சொல்லவில்லை. வெகு நேரம் கழித்து இனியா தானே கண்டுபிடித்து, தன் பேரைப் பதிந்தாள்.